முயல்கறி மட்டும்

மார்ச் 4
எங்கள் பூனை ஃபியூஸ் கழுத்தைச் சொறிந்து சொறிந்து ரத்தம் வரவைத்துவிட்டது. வீட்டுக்கு வந்தால், அப்பா தன் அலர்ஜி மாத்திரையை இரண்டாக உடைத்துக்கொண்டிருக்கிறார். "பூனைக்கும் தோலுதானேடா?" பிடுங்கி எறிந்துவிட்டு, பூனையைக் கூடையில் போட்டு கால்நடை டாக்டரம்மாவிடம் ஓடினேன்.
"மனுஷ மாத்திரை கூடவே கூடாது. எண்ணெயும் தடவாதீங்க, நக்கிடும். தெள்ளுப்பூச்சி இல்லை. சாப்பாடு ஒத்துக்கலைன்னு நினைக்கிறேன். எட்டு வாரம் இந்த முயல்கறி டப்பா மட்டும். வேற ஒரு துணுக்கு உள்ள போனாலும் எல்லாம் வீண்."
அரிப்புக்குத் தினம் ஒரு மாத்திரை. கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு. சுவரில் இடித்துக்கொண்டே நடக்கிறது.

மார்ச் 11
குறையவில்லை. நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஒன்றை மட்டும் மாற்று, கவனி, குறித்துவை — அவ்வளவுதான். அட்டவணை போட்டு ஒட்டினேன். அப்பா அதன் மேலேயே காலண்டரை மாட்டுகிறார்.

மார்ச் 19
யாரோ ஊட்டுகிறார்கள். வீட்டில் இருப்பது இரண்டு பேர். நான் இல்லை. கேட்டேவிட்டேன்.
"ஒரு பருக்கைகூடப் போடலைடா."
"அப்போ பூனையே சமைச்சு சாப்பிடுதா?"
தட்டோடு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஃபியூஸ் வெளியே உட்கார்ந்து கத்துகிறது. திறக்கவில்லை. எப்போதும் அவர் மடியில் தூங்குகிற பூனை.

மார்ச் 22
இன்னும் ஒரு வாரம், அப்புறம் ஸ்டீராய்டு என்கிறார் டாக்டரம்மா. ரொம்ப நாள் கொடுத்தால் சர்க்கரை வியாதி வரலாமாம். பூனைக்கு!
சமையலறையில் கேமரா வைத்துவிட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 25
பார்த்தேன். அப்பா வருகிறார், டீ போடுகிறார், போகிறார். பூனை காலைச் சுற்றினால் ஒதுங்கிக்கொள்கிறார்.
தினம் காலை ஏழு மணிக்கு ஒரு தடியன் வருகிறான். மாத்திரையை ஒரு பசையில் உருட்டிப் பூனை வாயில் வைக்கிறான்.
நான்தான்.
அந்தப் பசை டியூபில் எழுதியிருப்பதை இன்றுதான் படித்தேன். கோழி ஈரல்.
சே. மூணு வாரமா நானேதான் ஊட்டியிருக்கேன். எனக்கெல்லாம் எவன்டா வேலை குடுத்தான்?

மார்ச் 26
டாக்டரம்மா சிரிக்கவில்லை. அதுவே பெரிது. "முதல்லேருந்து ஆரம்பிங்க. மாத்திரையை முயல்கறிக்குள்ளயே வைங்க."
அப்பாவின் கதவுக்கு வெளியே பூனையும் நானும். எல்லாவற்றையும் சொன்னேன், கேமரா உட்பட. மன்னிச்சிடுங்கப்பா என்றும் சொன்னேன்.
கதவு திறக்கவில்லை.

ஏப்ரல் 3
இன்னும் பேசவில்லை. ஆனால் கதவு ஒரு பூனை நுழையும் அளவுக்குத் திறந்திருக்கிறது.

ஏப்ரல் 24
புண் காய்ந்துவிட்டது. கூம்பைக் கழற்றியாயிற்று.

மே 21
எட்டு வாரம் முடிந்தது. கழுத்தில் முடி மூடிவிட்டது. காலையில் கடைசி மாத்திரையைக் கொடுக்கப் போனேன். பூனை அப்பா மடியில்.
"கையை நீட்டு," என்றார்.
நீட்டினேன். ஒவ்வொரு விரலாக மோந்து பார்த்தார்.
"ம். முயல்தான். குடு."