விரலால் வளர்த்த செடி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அம்மாவும் நானும் சுகம். அங்கே நீயும் அத்தானும், இன்னும் பெயர் வைக்காத அந்த மூன்றாவது ஆளும் சுகம்தானே. வழக்கமாக அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், அவளுடைய கையெழுத்து அவளுக்கே புரியாது. இந்தக் கடிதத்தை அம்மா சொல்லவில்லை. அவள் படுத்த பிறகு புவியியல் புத்தகத்துக்குள் தாளை வைத்து எழுதுகிறேன். இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து கழிவறைக்குப் போவாள், அப்போதெல்லாம் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவதுபோல் கிடக்கிறேன், அதனால் அங்கங்கே அறுந்திருந்தால் பொறுத்துக்கொள்.

உன் பிரசவத்துக்கு வர முடியாது, செருப்புக் கடையில் லீவு இல்லை என்று அம்மா சொன்னதும், பெத்த பொண்ணவிட செருப்புதான் பெருசா என்று போனில் கேட்டாயாமே. லீவு பொய். அவள் கேட்கவே இல்லை. அம்மாவுக்குச் சிறுநீர் அடங்குவதில்லை அக்கா. தும்மினால், சிரித்தால், காலணிக் கடையில் யாருக்காவது ஷூ மாட்டிவிட்டுக் குந்திய இடத்திலிருந்து எழுந்தால் கொஞ்சம் வந்துவிடுகிறது. உன் வீட்டுக்குப் பேருந்தில் ஒன்பது மணி நேரம், நடுவில் ஒரே நிறுத்தம். போன தடவை திரும்பும்போது கடைசி ஒரு மணி நேரம் கால் மரத்துப்போச்சு என்று நின்றுகொண்டே வந்தாள். புடவை நனைந்துவிட்டது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன், திட்டாதே. பெண்கள் மருத்துவமனையில் ஒரு நர்ஸ் அம்மாவின் போனில் ஒரு செயலி போட்டுக் கொடுத்தார். அடிவயிற்றுக்குக் கீழே தாங்கிப் பிடிக்கிற தசைகளுக்கு அது பயிற்சி தருகிறது. ஒரு நாளைக்கு மூன்று வேளை மணி அடிக்கும், திரையில் ஒரு தொட்டிச் செடி வரும். சிறுநீரை அடக்குவதுபோல் இறுக்கும்போது திரையில் விரலை வைக்க வேண்டும், தளர்த்தும்போது எடுக்க வேண்டும். ஒரு வேளை முடிந்தால் ஒரு இலை. தவறினால் செடி வாடிவிடும். அம்மா காலையும் இரவும் ஒழுங்காகச் செய்தாள், ஆனால் கடையில் போன் கூடாது என்பதால் அது பகலெல்லாம் வீட்டில்தான் கிடக்கும். நான் பள்ளி விட்டு வரும்போது பகல் மணி விடாமல் அடித்துக்கொண்டிருக்கும், செடி தலையைத் தொங்கப் போட்டிருக்கும். பார்க்கப் பாவமாக இருந்தது. விரலை வைத்தேன், எடுத்தேன். இலை வந்தது. ஐந்து வாரமாக இதுதான் நடக்கிறது. ஒரு நாள் பிஸ்கட் தின்றுகொண்டே இடது கையால் ஒரு கிளையே வளர்த்தேன்.

இலை கூடக்கூடச் செயலி பாடத்தைக் கடினமாக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? முதலில் மூன்று நொடி இறுக்கச் சொன்னது, இப்போது பத்து நொடி. அம்மா ஐந்தைத் தாண்டவில்லை. நானும் நாலு காசு சம்பாதிக்கிற மனுஷி, ஒரு செடிக்கு ஈடு குடுக்க முடியல என்கிறாள். செயலியின் கணக்கு அந்த நர்ஸுக்கும் போகிறதாம், இன்று சாயங்காலம் போனில் கூப்பிட்டார். ஒரு வேளைகூட விடாம செஞ்சிருக்கீங்க, இவ்வளவு செஞ்சும் நிக்கலன்னா பெரிய டாக்டரைப் பாருங்க, ஆபரேஷன் தேவையான்னு அவங்க சொல்வாங்க என்றாராம். அம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வரவே முடியாதுன்னு அக்காவுக்கு எழுதிடு என்றாள். செய்யாத பயிற்சியை நம்பி அம்மாவை அறுத்துவிடுவார்களோ? அவளிடம் சொல்லப் பயம். நீ நர்ஸிடம் பேசேன், என் பேரைச் சொல்லாமல். அம்மா எழுந்துவிட்டாள்

மகளே, இனி நான் எழுதுகிறேன். கையெழுத்து விளங்காவிட்டால் மாப்பிள்ளையிடம் கொடு, மருந்துக்கடைக்காரருக்கு எந்த டாக்டர் கிறுக்கலும் படிக்கத் தெரியும். புவியியல் புத்தகத்தைக் கட்டிப்பிடித்துத் தூங்குகிற பெண்ணை நான் பெறவில்லை என்று எனக்குத் தெரியாதா, விடிந்ததும் எடுத்துப் பார்த்தேன். உன்னிடம் மறைத்தது என் தப்பு, செருப்பு பெரிதில்லை. அன்றைக்கே நர்ஸிடம் சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் நல்லா வளர்த்திருக்கீங்க, செடியைச் சொல்லல என்று சிரித்தார். டாக்டர் பேச்சு இப்போதைக்கு இல்லை. புதுச் செடி வைத்து மூன்று நொடியிலிருந்து மறுபடி தொடங்கி, பன்னிரண்டு வாரம் விடாமல் செய்ய வேண்டுமாம். பகல் மணியை நர்ஸ் நிறுத்திவிட்டார், அந்த வேளையைக் கடையில் ஷூ கயிறு கட்டும்போது செய்கிறேன், ஒரு துளைக்கு ஒரு இறுக்கு. வாங்க வந்தவர்கள் என் பொறுமையை மெச்சுகிறார்கள். உன் பிரசவத்துக்கும் பன்னிரண்டு வாரம்தான் இருக்கிறது. பேருந்து வேண்டாம், கழிவறைக்குப் பக்கத்து இருக்கையாகப் பார்த்து ரயிலில் சீட்டு எடுத்துவிட்டேன். நின்றாலும் நிற்காவிட்டாலும் வருகிறேன், மாற்றுப் புடவையோடு.

நீயும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். நர்ஸிடம் கேட்டுக்கொண்டு நீயும் இப்போதே பயிற்சியைத் தொடங்கு, என்னைப்போல் இருபது வருஷம் வெட்கப்பட்டுக்கொண்டிருக்காதே. உன் தங்கை வந்தால் போனை உயரத்தில் வை. அவள் பிஸ்கட் தின்றுகொண்டே கிளை வளர்த்ததைப் படித்தபோது சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முதலில் இறுக்கிக்கொண்டேன், பிறகுதான் சிரித்தேன். புடவை தப்பித்தது.

இப்படிக்கு,
உன் அம்மா
(இலைகள்: நான்கு. நான்கும் என்னுடையவை.)