சேலை திரும்பி வருகிறது

அன்புள்ள அண்ணிக்கு,

சேலை அருமை. ஆனால் மடிப்புக்குள் என் கணவரான உங்கள் தம்பியின் சீட்டு இருந்ததால் திருப்பி அனுப்புகிறேன். என்னை அடித்த வழக்கில், ஜெயிலுக்குப் பதில் நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியே இருப்பவர், இரண்டு வருடம் எனக்குச் சேதி அனுப்பக் கூடாது. கண்காணிப்பு அதிகாரியம்மாவிடம் கேட்டேன். "அக்கா கையில குடுத்தனுப்பினாலும் அவர் அனுப்பினதுதாம்மா. மறுபடி நடந்தா ஜெயில்தான்" என்றார். நீங்களே அவருக்குப் புரியவையுங்கள். நான் சொன்னதாக வேண்டாம்!

நீங்களாக எடுத்துத் தந்தால் கட்டிக்கொள்வேன். பச்சையில் எடுங்கள்.

நேற்று கை தவறி குக்கர் மூடி விழுந்து வீடே அதிர்ந்தது. நானும் மகளும் பழக்க தோஷத்தில் வாசலைப் பார்த்தோம். யாரும் வரவில்லை. அப்புறம் சிரித்தோம் பாருங்கள், மூடியை எடுக்கவே மறந்துவிட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அம்மா