மாரண்டஹள்ளி மடத்தில் ஓர் இடம்

பாப்பிரெட்டிப்பட்டி
6 பிப்ரவரி 1938

சேசு மரி சூசை துணை

கோலார் தங்கவயலில் இருக்கும் சவுரியப்பன் அவர்களுக்கு, பெண்சாதி தெரசா எழுதிக்கொண்டது. நான் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

பதினோரு வருஷம் கழித்து இவள் எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று நினைப்பீர்கள். சண்டைக்கு இல்லை, ஒரு கையெழுத்துக்கு.

வலது கண்ணில் புரை மூடிவிட்டது. இடது கண் பாதிதான். போன மாசம் சோறு வடிக்கும்போது கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொண்டேன். பக்கத்து வூட்டார் நல்லவர்கள்தான், ஆனால் எத்தனை நாளைக்கு? நமக்கோ பிள்ளை குட்டி இல்லை. வயதானவர்களை வைத்துப் பார்க்கும் இடத்தில் சேர்ந்துவிடலாம் என்றிருக்கிறேன். பங்குச் சாமியார் இரண்டு இடம் சொன்னார். ஒன்று சேலத்தில், பெரிய கட்டடம், சிமெண்டுத் தரை. இன்னொன்று மாரண்டஹள்ளிப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் மடம், ஓட்டு வீடு. எனக்குச் சேலம்தான் பிடித்திருக்கிறது. அங்கே கண் டாக்டர் பக்கம்.

புருஷன் உயிரோடு இருந்தால் அவர் சம்மதம் வேண்டுமாம். இடத்துக்கு ஒன்றாகக் கூட வைத்திருக்கும் இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பவும். வேறொன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
தெரசா


கோலார் தங்கவயல்
13 பிப்ரவரி 1938

தெரசாளுக்கு,

உன் ஊர் முத்திரையைப் பார்த்ததும் நீ செத்துப்போன சேதிதான் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டேன். பிரித்து, உன் எழுத்தைக் கண்ட பிறகுதான் உயிர் வந்தது. செத்தவள் எழுத மாட்டாளே.

பார்க்காத இடத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஓர் எருமை வாங்கவே நாலு சந்தை சுற்றுகிறவன். லீவு கேட்டிருக்கிறேன். இரண்டையும் நேரில் பார்த்துவிட்டு எழுதுகிறேன். உன் வூட்டுக்கு வர மாட்டேன், பயப்படாதே. காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவு.

சவுரியப்பன்


பாப்பிரெட்டிப்பட்டி
18 பிப்ரவரி 1938

எருமையோடு என்னைச் சேர்த்ததற்குச் சந்தோஷம். போய்ப் பாருங்கள். ஆனால் சேலத்தில் சத்தம் போட்டு என் இடத்தைக் கெடுத்துவிடாதீர்கள். பதிலைப் பெரிய எழுத்தாக எழுதவும். கால் ஆறிவருகிறது.

தெரசா


கோலார் தங்கவயல்
9 மார்ச் 1938

அன்புள்ள தெரசாளுக்கு,

பெரிய எழுத்தாகவே எழுதுகிறேன். அதனால் தாள் மூன்றாகிவிட்டது.

முதலில் சேலம். தரையில் முகம் பார்க்கலாம். கட்டிலுக்குக் கட்டில் வெள்ளைத் துப்பட்டி. அங்கிருந்த ஒரு பெரியவரிடம், “உங்க பேரு என்னங்க?” என்று கேட்டேன். அவர் மேனேஜர் முகத்தைப் பார்த்தார். மேனேஜர் தலையாட்டிய பிறகுதான் பேரைச் சொன்னார். சத்தம் போடவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் மாரண்டஹள்ளி. சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய் நின்றேன். உள்ளே சண்டை நடக்கிறது. ஒரு கிழவி மதர் அம்மாவிடம், “இதுக்குப் பேரு சாம்பாரா, ஆத்துத் தண்ணியா?” என்கிறாள். “நாளைக்கு நீங்களே வந்து வெய்யுங்க, ராமக்கா.” “வெக்கறேன், எனக்கென்ன பயமா?” மதர் அம்மா உள்படச் சிரிக்கிறார்கள்.

எனக்கும் களியும் கீரைக் கடைசலும் போட்டார்கள். சாம்பார் தண்ணிதான், பொய் சொல்ல மாட்டேன். பிறகு அந்த ராமக்காளைத் தனியாகக் கேட்டேன், நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களா என்று. “மழைக்கு ஓடு ஒழுவுது. அவங்கவங்க துணிய அவங்கவங்களே தொவைக்கணும். ஆனா போன ஐப்பசியில நான் காச்சல்ல கெடந்தப்ப, ஏழு நாளும் ஒரு ஆளு பக்கத்துலயே ஒக்காந்திருந்துச்சு. எம் மகன் வூட்டுல அது கெடையாதுங்க” என்றாள்.

கண் டாக்டரைப் பற்றியும் கேட்டேன். மாதம் ஒருமுறை தருமபுரிக்கு வண்டியில் கூட்டிப்போகிறார்களாம். இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். எது என்று நீயே முடிவு செய்.

இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். மாரண்டஹள்ளியில் ஆண்கள் பக்கமும் இருக்கிறது. எனக்கு இருமல் விடவில்லை. ஆனியோடு சுரங்க வேலை முடிகிறது. பதினோரு வருஷத்துக்கு முன்னே மூன்று மாசம் என்னோடு இங்கே இருந்து பார்த்துவிட்டு, சுரங்கத்துச் சங்குச் சத்தமும் ஆகவில்லை, என் கோபமும் ஆகவில்லை என்று நீ ஊருக்குக் கிளம்பினாய். பின்னாலேயே வந்து கூப்பிட்டிருக்க வேண்டும். வீம்பாக இருந்துவிட்டேன். நீ இருக்கும் இடத்தில் நானும் இருப்பது உனக்குச் சங்கடம் என்றால் ஒரு வரி எழுது, இங்கேயே இருந்துகொள்கிறேன். போட்ட கையெழுத்து எப்படியும் உனக்குண்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சவுரியப்பன்


மாரண்டஹள்ளி
24 ஏப்ரல் 1938

என் வூட்டுக்காரருக்கு,

ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு முந்தின வாரம் இங்கே வந்து சேர்ந்தேன். ஆறு வாரமாகப் பதில் போடாமல் உங்களைக் காக்கவைத்தேன். நீங்கள் பதினோரு வருஷம் வைத்தீர்கள். ஏதோ கொஞ்சமாவது தீரட்டும். அதோடு, முதலில் நான் இருந்து பார்க்க வேண்டாமா?

வந்த அன்றே ராமக்காள் என்னை மேலும் கீழும் பார்த்து, “மூணு உருண்டை களியத் தின்னுட்டுக் கேள்வியா கேட்டாரே, அவரு பொண்டாட்டியா நீ?” என்றாள். என்னை யாரும் அப்படிக் கேட்டு எத்தனை காலமாகிறது! “ஆமாங்க” என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அன்றெல்லாம் எனக்கே சிரிப்பு. சண்டை போட இங்கே நல்ல ஆட்கள் இருக்கிறார்கள், பொழுது போகிறது. தருமபுரி டாக்டர் கண்ணைப் பார்த்தார். புரையை எடுத்தால் ஊசியில் நூல்கூடக் கோக்கலாம் என்கிறார்.

ஆண்கள் பக்கம் ஓர் இடத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் கிளம்பி வாருங்கள், எழுதிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். நடுவில் சுவர் உண்டு. சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஜெபமணி அடிக்கும்வரை புங்கமரத்தடியில் புருஷன் பெண்டாட்டி உட்கார்ந்து பேசலாமாம். இரண்டு மணி நேரம். நமக்கு அது போதும். அதற்கு மேலே போனால்தானே சண்டை வருகிறது.

உங்கள்
தெரசா