தூக்கத்தில் எழுந்து நின்றவளுக்கு

இன்று காலை பூசைக்குக் கிளம்பும் அவசரத்தில் அலமாரிக்குள் கையை விட்டேன். துப்பட்டாவுக்குப் பதிலாக உன் நீல ஸ்வெட்டர் வந்தது. இதுவரை துவைக்கவில்லை. நீ இருந்தால் திட்டியிருப்பாய். டெட்டாலும் தலைவலித் தைலமும் கலந்த உன் டியூட்டி வாடை இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அடக்கமெல்லாம் முடிந்து உங்கள் ஊர் ஹனூருக்குப் பஸ் ஏறும்போது, "நீயே வெச்சுக்க கண்ணு. அவ தலை பாதி நேரம் உன்ற தோள்மேலதான கெடந்துச்சு" என்று சொல்லி உன் அம்மா என் கையில் திணித்தது அது.

அம்மா சொன்னது சரிதான். நைட் டியூட்டி முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை ஆட, நேராக ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு வந்து நிற்பாய். கடைசி பெஞ்சில், தூண் ஓரமாக உனக்கு இடம் போட்டு வைப்பது என் வேலை. நற்செய்தி வாசகம் வரைக்கும் ஒழுங்காக நிற்பாய். ஃபாதர் பிரசங்கத்தைத் தொடங்கினதும் ஸ்வெட்டரைக் கழற்றி, நாலாக மடித்து, என் தோளில் வைப்பாய். "உன்ற தோள்ல எலும்புதான் புள்ள இருக்குது, குத்துது." அவ்வளவுதான், அடுத்த நிமிஷம் நீ இந்த உலகத்திலேயே இல்லை.

எனக்கோ மானம் போகும். முன் பெஞ்சுப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். "வீட்டுக்குப் போய்த் தூங்கேன்டி, இங்க எதுக்கு வர்ற?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"வீட்ல தூங்குனா பக்கத்து வீட்டு மிக்ஸி எழுப்பி உட்ருது. இங்க அவரு பாத்துக்குவாரு" என்று பீடத்துச் சிலுவையின் பக்கம் தாடையை நீட்டினாய். "புயல்லயே படகுல படுத்துத் தூங்குனவரு. என்னையப் போயித் திட்டுவாராக்கும்?"

நான் அப்போதே ஓட்டத்தில் இருந்தவள். வாரம் முழுக்க கம்பெனி, சனிக்கிழமை மறைக்கல்வி வகுப்பு, பாடகர் குழு, இளைஞர் குழு. ஜெபிக்க மறக்கக் கூடாதென்று போனில் அலாரம் வைத்திருந்தேன். அது அடித்ததும் 'பிறகு' என்று தள்ளிவைத்துவிட்டு, மறைக்கல்விக்குப் படம் வெட்டிக்கொண்டிருப்பேன். மைசூரிலேயே பிறந்து வளர்ந்ததால் அவசரம் வந்தால் எனக்குக் கன்னடம்தான் வாயில் வரும். "பேக, பேக!", சீக்கிரம் சீக்கிரம் என்று உன்னையும் சேர்த்து விரட்டுவேன். தூரத்தில் என் ஸ்கூட்டரைப் பார்த்ததுமே, "வந்துட்டாய்யா பேக பேக" என்பாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. இளைஞர் குழுவுக்குச் செயலாளர் கிடைக்காமல் ஃபாதர் வெறுத்துப்போயிருந்தார். பிரசங்கத்தின் கடைசியில், "மனசு இருக்கிறவங்க எழுந்து நில்லுங்க, பார்ப்போம்" என்றார். ஒருவரும் அசையவில்லை. வேறு யார், நான்தான் எழுந்திருக்கப் போனேன். தோள் நகர்ந்ததும் உன் தலை சரிந்தது. திடுக்கென்று விழித்தாய். பிரசங்கச் சத்தம் நின்றிருக்கிறது, பக்கத்தில் இருப்பவள் எழுகிறாள். பிரசங்கம் முடிந்தால் அடுத்து எல்லோரும் எழுந்து, விசுவசிக்கிறேன் என்று விசுவாசப் பிரமாணம் சொல்வதுதானே வழக்கம்? நீ விறைப்பாக எழுந்து நின்று, கைகூப்பி, கோயிலே அதிர அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாய். தன்னந்தனியாக!

மொத்தக் கோயிலும் திரும்பியது. ஃபாதர் ஒரு கணம் விழித்தார். பிறகு, "ஆமென்! செயலாளர் கிடைச்சாச்சு" என்றாரே பார்க்கலாம். கைதட்டல் அடங்கவில்லை.

"ஏ புள்ள, எதுக்கு எல்லாரும் கை தட்டறாங்க? இன்னும் பாதிகூடச் சொல்லலியே" என்று என் காதில் கேட்டாய். நான் பெஞ்சுக்கு அடியில் குனிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

செயலாளராக நீ நடத்திய முதல் கூட்டம் இருக்கிறதே, அப்பப்பா. வினாடி வினா, நாடக ஒத்திகை என்று நான் எல்லாம் தயாரித்துக்கொண்டு வந்தால், நீ மண்டபத்தில் பாய் விரித்துக்கொண்டிருந்தாய். "இன்னைக்கு ஒன்னுமில்லீங்க. எல்லாரும் வாரம் பூரா உழைச்சுட்டு வந்திருக்கீங்க, படுங்க" என்றாய்.

"ஏய், என்ன கூத்து இது? ஃபாதர் வந்தா என்ன சொல்றது?"

"தியானம்னு சொல்லு."

ஃபாதர் வரத்தான் செய்தார். வாசலில் நின்று, வரிசையாகக் குறட்டை விடும் தம் இளைஞர் குழுவைப் பார்த்தார். ஃபேனை ஒரு புள்ளி கூட்டி வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விட்டார். விழித்திருந்தவள் நான் ஒருத்திதான். மூலையில் உட்கார்ந்து கிறிஸ்துமஸ் கேரல் பாடும் குழுக்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் உனக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் வருவதுதானே என்று நினைத்தோம். எனக்குத் தெரிந்ததை நான் செய்தேன். வாட்ஸ்அப்பில் ஜெபச் சங்கிலி, மணிக்கு ஓர் ஆள், சாப்பாட்டுக்கு முறை, ரத்தம் கொடுக்க ஆட்கள். உன் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே போனில் தட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்தப் போனைக் கீழ வையி புள்ள" என்றாய். குரலே இல்லை உனக்கு.

"இரு, நாலு மணிக்கு ஜெபிக்க ஆள் இல்ல, யாரையாச்சும்..."

"நீ இருக்கியல்ல? பண்ணுனதெல்லாம் போதும். கம்முனு உக்காரு."

உட்கார்ந்தேன். கட்டிலைத் தட்டிக் காட்டினாய். தலையை ஓரமாகச் சாய்த்தது மட்டும் தெரியும். பட்டப்பகலில் அப்படித் தூங்கிப்போனேன். விழித்தபோது உன் கை என் தலைமேல் இருந்தது. "பேஷன்ட் யாருன்னே தெரியலியே" என்று உன்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் கேலி செய்தாள். நீ சிரித்தாய். மறுநாள் உன்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அதன் பிறகு நீ பேசவே இல்லை.

எனக்குக் கோபம் இருக்கிறது, உன்னிடம் மறைப்பானேன். படகில் எழுந்து காற்றை அடக்கினவர் உன் கட்டிலருகே எழுந்திருக்கக் கூடாதா என்று அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். அழுகை வந்துவிடுமோ என்ற பயத்தில் இன்னும் வேகமாக ஓடினேன். கேட்ட வேலைக்கெல்லாம் சரி, சரி. போன வாரம் அக்ரஹாரம் சிக்னலில் பச்சை விழுந்தது. ஆபீசுக்கா, கோயிலுக்கா, எங்கே போகக் கிளம்பினேன் என்றே தெரியவில்லை. பின்னால் ஒரே ஹாரன். ஸ்கூட்டரை ஓரங்கட்டி, ஒரு பூக்கடைப் பக்கத்தில் நின்று அழுதேன். இப்படியே போனால் நான் என்ன ஆவேனோ என்று முதல்முறையாகப் பயம் வந்தது.

இன்றைக்கு ஃபாதர் மறுபடியும் கேட்டார். பிரசங்கத்தின் கடைசியில், அதே வார்த்தைகளில், செயலாளராக மனசு இருக்கிறவர்கள் எழுந்து நிற்கச் சொன்னார். அவ்வளவுதான், கோயில் மொத்தமும் தூண் ஓரத்துக்குத் திரும்பியது. முன் பெஞ்சு ஆன்ட்டி, எழும்பு எழும்பு என்று கண்ணைக் காட்டினார். என் கால் தானாகவே விறைத்தது. காலையில் கையோடு எடுத்து வந்த உன் ஸ்வெட்டர் மடியில் இருந்தது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கம்முனு உட்கார்ந்தேன்.

ஃபாதர் காத்திருந்தார். ஆன்ட்டியின் முகம் வாடியது. வாடட்டும். பூமி ஒன்றும் பிளந்துவிடவில்லை. "சரி, அடுத்த வாரம் பார்ப்போம்" என்று ஃபாதர் விசுவாசப் பிரமாணத்துக்குக் கையை உயர்த்தினார்.

கோபம் இன்னும் தீராதவள்தான் நான். ஆனாலும் அதற்கு எழுந்து நின்றேன். மடித்த ஸ்வெட்டர் தோளில் இருக்க, உன்னைப் போலவே, எல்லோரையும்விடக் கொஞ்சம் முந்தி, கொஞ்சம் சத்தமாக.