நாலு மணி லைன்

மயிலாப்பூர்
9.12.2024

அன்புள்ள நீரஜாவுக்கு,

இங்கே நான் ஒரு மாதிரி நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியாமல் பன்னிரண்டு நாள் ஆகிறது.

அடையாறுக்கும் மயிலாப்பூருக்கும் நடுவே தபால் போடுகிறாளே, பைத்தியமா என்று நினைப்பாய். செல்போன் அரிசி டின்னுக்குள் கிடக்கிறது. வீட்டு போனின் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். சூடு பட்ட பூனை அடுப்பண்டை போகாது, அவ்வளவுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் 27ஆம் தேதி, புதன்கிழமை காலை பத்து மணிக்குச் செல்போனில் ஒரு வீடியோ அழைப்பு வந்தது. போலீஸ் உடுப்பில் ஒருவன். என் பெயருக்கு வந்த பார்சலில் போதை மருந்து இருந்ததாம். விசாரணை முடியும்வரை வீட்டிலேயே கைதாம். போனுக்கு முன்னால் உட்கார்ந்தே இருக்க வேண்டும், யாரிடமும் மூச்சு விடக் கூடாது. மறுநாள் மத்தியானம் மூன்றரை வரை உட்கார்ந்திருந்தேன், நீரு. பாத்ரூம் போகக்கூட அவனிடம் கேட்டுவிட்டுப் போனேன். அறுபத்தாறு வயதில் இப்படி ஒரு வெட்கக்கேடு.

வைத்துவிட வேண்டியதுதானே என்று எல்லோரும் கேட்கிறார்கள். உனக்குத்தான் புரியும். அவன் சொன்ன முதல் வார்த்தையே, "லைனை மட்டும் கட் பண்ணிடாதீங்கம்மா." முப்பத்தாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நம் தலையில் அடித்து ஏற்றிய பாடமும் அதுதானே? எதிர்முனை வைக்கும்வரை ஆபரேட்டர் லைனை வெட்டக் கூடாது. பயம் பாதி, பழக்கம் பாதி. கை போகவே இல்லை.

வீட்டு வேலைக்கு வரும் வேலம்மாதான் காப்பாற்றினாள். புதன்கிழமை அவளை ஜன்னல் வழியாகவே திருப்பி அனுப்பியிருந்தேன். வியாழக்கிழமை மறுசாவி போட்டுத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். "இன்னாம்மா, போன் முன்னாடி குந்திகினு கீறே? யாரு இவன், போலீசா? போலீசுன்னா வூட்டாண்ட வரச் சொல்லு. ஆத்தோரம் எங்க வூட்டை இடிச்சப்போ நேராத்தான் வந்தாங்கோ, போன்லயா வந்தாங்கோ?" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்து அரிசி டின்னில் போட்டு மூடினாள். உள்ளே இருந்து அவன் கத்துவது கொஞ்ச நேரம் கேட்டது.

பணம் எதுவும் போகவில்லை. "போகலையேம்மா, அப்புறம் என்ன?" என்கிறான் பெங்களூரிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போன பிள்ளை சாய்சரண். மனதை எதிலாவது திருப்பு என்கிறான். எதில் என்று அவனுக்கும் தெரியவில்லை.

அந்தப் புதன்கிழமை நாலு மணிக்கு நீ வழக்கம்போல வீட்டு போனில் கூப்பிட்டபோது நான் பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அவன் சொல்லச் சொன்னான், சொன்னேன்.

உன்
சூடாமணி

அடையாறு
13.12.2024

அன்புள்ள சூடாவுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்து முடித்து, கை அலம்பிக்கொண்டு வந்து இன்னொரு தடவை படித்தேன். அந்தப் பாவி நாசமாய்ப் போகட்டும். வேலம்மாவுக்கு என் பேரில் ஒரு நல்ல புடவை வாங்கிக் கொடு.

"அந்த ஆஸ்பத்திரிக் கதையை எழுநூறு வாட்டி கேட்டாச்சு. போனவர் போயாச்சு. எனக்கு அலுத்துப் போச்சு, இனிமே கூப்பிடாதே." நீ சொன்னது இதுதான், ஒரு வார்த்தை கூடக் குறைவில்லை. அவன் சொல்லச் சொன்னதா? அப்படியென்றால் சரி.

மனதைத் திருப்புவது பற்றிக் கேட்டாய். இவர் போன இந்த இரண்டு வருஷத்தில் அந்த விஷயத்தில் நான் பட்டமே வாங்கலாம். டிவி உதவாது, அதில் யாராவது அழுதுகொண்டே இருப்பார்கள். புத்தகம் ஒரே பக்கத்தில் நிற்கும். கைக்கு வேலை கொடு. மொச்சை வந்துவிட்டது, இரண்டு கிலோ வாங்கி உரி. ஊறப்போட்டுப் பிதுக்கு. விரல் வேலை செய்யும், மூளை சும்மா கிடக்கும்.

நான் கதவுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். நவம்பர் 28இலிருந்து நாலு மணிக்குச் செய்ய ஒன்றும் இல்லாமல் போய்விட்டதால் ஆரம்பித்தேன். அலமாரிக் கதவு, பூஜை அறைக் கதவு எல்லாம் பச்சை ஆகிவிட்டன. நல்ல பச்சை இல்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்.

சாப்பிடு. நேரத்துக்குச் சாப்பிடு.

நீரஜா

மயிலாப்பூர்
21.12.2024

அன்புள்ள நீரஜா,

மொச்சை நாலு கிலோ ஆகிவிட்டது. வேலம்மாவும் கூட உட்கார்ந்து உரிக்கிறாள். ஆத்தோர வீட்டுக்குப் பதிலாகப் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்த நாளிலிருந்து பஸ்ஸுக்கே அவளுக்குப் பாதி நாள் போய்விடுகிறது. அதனால் உட்கார்ந்து செய்கிற எந்த வேலையும் அவளுக்குச் சந்தோஷம். இப்போது கூட்டு, குழம்பு, உப்புமா எல்லாவற்றிலும் மொச்சைதான். "இன்னும் ஒரு வாரம் இத்தத் துன்னா நானே மொளைச்சுடுவேன்" என்றாள். எவ்வளவோ நாளைக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தேன்.

இன்னொன்றும் கண்டுபிடித்திருக்கிறேன். தினமும் காலை பத்து மணிக்கு, அதாவது அவன் கூப்பிட்ட நேரத்துக்கு, நான் வீட்டில் இருப்பதில்லை. திருமயிலை ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறி வேளச்சேரி வரை போய், இறங்காமல் அதே பெட்டியில் திரும்பி வருகிறேன். கூட்டம் இல்லை. தரமணியில் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கும் பிள்ளைகள் இறங்கிவிட்டால் பெட்டியே என்னுடையது. வெளியே மொட்டை மாடிகளில் காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டு வருவேன். உன் கஸ்தூரிபா நகர் ஸ்டேஷன் வழியாகத்தான் போகிறேன். ஏன் இறங்கவில்லை என்று கேட்காதே.

மத்தியானம் சபா. டிக்கெட் இல்லாத பன்னிரண்டு மணிக் கச்சேரிகள். போன செவ்வாய்க்கிழமை அனுப்ரியா என்று ஒரு பெண் பாடினாள். கேட்க ஒன்பது பேர். அதில் நாலு பேர் அவள் சொந்தக்காரர்கள், இரண்டு பேர் தூக்கம். பாவம், அந்த ஒன்பது பேருக்கும் சேர்த்து உருகி உருகிப் பாடினாள். ஆனால் உண்மையைச் சொன்னால் நான் பாட்டுக்காகப் போகவில்லை. தொடங்கும் முன் ஒருவர் மைக்கில் வந்து, "தயவுசெய்து செல்போன்களை அணைத்து வைக்கவும்" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகப் போகிறேன். சென்னையில் போன் அடிக்காத இடம் வேறு எங்கே இருக்கிறது?

அதுவும் பொய்த்துவிட்டது. தனி ஆவர்த்தனத்தின் நடுவில் யாரோ ஒரு மாமாவின் பையில் மணி அடித்தது. நான் எழுந்து வெளியே வந்து கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். காபி பாதி டபராவில், பாதி புடவையில். பரிமாறுகிறவர் தானாகவே இன்னொரு காபி வைத்தார். கூடவே ஒரு கீரை வடையும்.

ஆகவே, குணம் என்று சொல்ல முடியாது. ஆனால் பத்து மணியும் பன்னிரண்டு மணியும் கழிந்துவிடுகின்றன. நாலு மணிதான் கழிவதில்லை.

உன்
சூடா

அடையாறு
27.12.2024

சூடா,

நாலு மணி பற்றி நீ எழுதிய வரியைப் படித்த பிறகு இதை மறைத்து வைக்க முடியவில்லை. திட்டினால் திட்டிக்கொள்.

நான் உன் வீட்டுக்கு வந்தேன். வியாழக்கிழமை, 28ஆம் தேதி, காலை பதினொன்றரை இருக்கும். முந்தின நாள் நீ பேசியதற்கு நேரில் நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று ஆட்டோ பிடித்து வந்தேன். தூறிக்கொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே நின்று மேலே பார்த்தேன். உன் பால்கனிக் கொடியில் துணி நனைந்துகொண்டிருந்தது. இரண்டு புடவை, ஒரு போர்வை.

உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? மேகம் கறுத்தாலே துணியை எடுக்க ஓடுகிறவள் நீ. நைட் டியூட்டியில் வெளியூர் டிரங்க் லைனை என்னிடம் கொடுத்துவிட்டு, "ஆத்துல துணி காயறது" என்று சூப்பர்வைசரிடம் பர்மிஷன் கேட்டவள். துணி நனைகிறதென்றால் உள்ளே ஏதோ சரியில்லை என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. தோன்றிய பிறகும், "நனையட்டும், அவளுக்கு வேணும்" என்று அதே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டேன்.

நீ மாடியில் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாய். சண்டை போடவாவது நான் மேலே வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் நாலு மணி நேரம் முன்னாலேயே தீர்ந்திருக்கும். நீ அவன் சொல்லித்தான் பேசினாய். நான் யார் சொல்லித் திரும்பினேன்? தப்பு முழுக்க என்னுடையது.

வீட்டில் கதவுகள் தீர்ந்துவிட்டன, சூடா.

நீரஜா

மயிலாப்பூர்
30.12.2024

அன்புள்ள நீரு,

தப்பு முழுக்க உன்னுடையது என்று நீ எழுதாமல் இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அப்படியே விட்டிருப்பேன். அதுதான் என் லட்சணம்.

அவன் என்னைச் சொல்லச் சொன்னது இவ்வளவுதான்: "வேலையா இருக்கேன்னு சொல்லிட்டு வச்சுடுங்க." மீதி எல்லாம் என் வார்த்தை. ஆஸ்பத்திரிக் கதை, எழுநூறு வாட்டி, அலுத்துப் போச்சு, எல்லாம்.

அவன்மேல் காட்ட முடியாத கோபம் உன்மேல் பாய்ந்தது என்று எழுதித் தப்பிக்கலாம். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் ஒரு வருஷமாகவே எனக்கு அலுத்துத்தான் இருந்தது. காலையிலேயே டாக்டரைக் கூப்பிட்டிருந்தால் என்று நீ ஆரம்பிக்கும்போது, அடுத்த வரி எனக்கு மனப்பாடம். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு கீரை ஆய்ந்திருக்கிறேன். உம் கொட்டிவிட்டு வேறு எதையோ நினைத்திருக்கிறேன். அதே சமயம் மூன்றே முக்காலுக்கே காபி கலந்துகொண்டு போன் பக்கத்தில் போய் உட்கார்ந்தவளும் நான்தான். இரண்டும் உண்மை. இரண்டையும் எப்படி ஒரே கையால் எழுதுவது என்று தெரியாமல்தான் அவன் தலையில் போட்டேன்.

உன் வீட்டுக்காரர் சுந்தரராமன் நல்ல மனிதர். என் வீட்டுக்காரர் போனபோது ரேஷன் கார்டிலிருந்து எல்லாவற்றுக்கும் அலைந்தவர். அவரைப் பற்றிய பேச்சை அலுப்பு என்று சொன்ன வாயை என்ன செய்வது?

எக்ஸ்சேஞ்சில் சேர்ந்த நாள் முதல் நானாக வெட்டிய லைன் ஒன்றே ஒன்று. ஒரு திருடனின் லைனை முப்பது மணி நேரம் பொத்திப் பொத்திப் பாதுகாத்தேன். உன் லைனை வெட்டினேன்.

தினமும் ரயில் கஸ்தூரிபா நகரில் நிற்கும்போது எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கிளம்பியதும் உட்கார்ந்துவிடுகிறேன். இதற்கு நீ பதில் போடாவிட்டால் எனக்குப் புரியும்.

சூடாமணி

அடையாறு
10.1.2025

சூடா,

பதினோரு நாள் ஆனது. முதல் ஐந்து நாள் கோபம். அப்புறம் ஜன்னல்களுக்குப் பெயிண்ட் அடித்தேன். அதன் பிறகு பெயிண்ட் டப்பா காலி.

வலித்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று தெரிந்துகொள். நீ கீரை ஆய்கிற சத்தம் எனக்குக் கேட்கும். ஆபரேட்டர் காது, எதுதான் கேட்காது? நீ கவனிக்கவில்லை என்று தெரிந்தேதான் பேசினேன். எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கீரைச் சத்தம்தான். இந்த வீட்டில் அது கிடையாது.

இப்போது என் யோசனை. பொங்கலுக்கு மறுநாள், புதன்கிழமை, நாலு மணிக்கு வீட்டு போன் ஒயரைச் சுவரில் சொருகு. அடிப்பது நான்தான், வேறு யாருக்கும் அந்த நம்பர் ஞாபகம் இல்லை. பயமாக இருந்தால் எடுக்காதே. மறுநாள் கூப்பிடுகிறேன். எடுத்தால் ஒரே ஒரு நிபந்தனை. அலுக்கும்போது நீயாக வை. நான் வைக்கும்வரை காத்திருக்காதே. சொல்லிவிட்டும் வைக்கலாம், சொல்லாமலும் வைக்கலாம். நான் பேசிக்கொண்டே இருந்தாலும் சரி. மறுநாள் நாலு மணிக்கு மறுபடி மணி அடிக்கும்.

உனக்கு லைனை வெட்டப் பழக்கம் வேண்டும். வேறு யாரிடம் போய்ப் பழகுவாய்?

உன் நீரு

மயிலாப்பூர்
18.1.2025

அன்புள்ள நீரு,

இந்தக் கார்டு உன் கைக்கு வருவதற்குள் இன்னும் இரண்டு மூன்று தடவை பேசியிருப்போம். இருந்தாலும் வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நேற்று நீ ஆஸ்பத்திரி லிஃப்ட் வரைக்கும் வந்திருந்தாய். பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு டக்கென்று வைத்தேன் அல்லவா? அடுப்பில் பால் இல்லை. அலுக்கவும் இல்லை. என்னால் வைக்க முடிகிறதா என்று பார்க்கத்தான் வைத்தேன். முடிந்தது. வைத்த பிறகு மிச்சக் காபியைக் குடித்தேன், புடவையில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

செல்போன் இன்னும் அரிசிக்குள்தான் இருக்கிறது. அது கிடக்கட்டும்.

லிஃப்ட்டுக்கு அப்புறம் என்ன நடந்தது என்று எனக்கு மனப்பாடம். இருந்தாலும் நாலு மணிக்கு அங்கேயிருந்தே ஆரம்பி. கீரை வாங்கி வைத்திருக்கிறேன்.

உன்
சூடா