உள்ள கப்பியெல்லாம்

காலை 08:10 – வழக்கமான பதிவு

நிலா, தென்துருவம், மூன்றாம் பள்ளம். பேசுவது ஜெசிந்தா, இயந்திரப் பொறியாளர், சொந்த ஊர் நாகர்கோவில். காற்று, மின்சாரம், தொடர்பு மூன்றும் சரி.

இன்றைய வேலை: பள்ளத்தின் அடியில் பம்புக்கு இரும்புத் தூண் நிறுத்துவது. மேலே நாச்சிமுத்து அண்ணன், காங்கேயத்துக்காரர், விளிம்பை ஒட்டிப் பாதை போடுகிறார். ஆளில்லா வண்டிகள் உடைத்த ஜல்லியைக் கொண்டுவந்து, முந்தின வண்டி கொட்டிய இடத்துக்கு அடுத்து கொட்டிவிட்டுத் திரும்பும். அப்படித்தான் பழக்கியிருக்கிறார்.

தலைமையகத்திலிருந்து கூடுதலாக ஒரு தலைவலி. எளிய இயந்திரங்கள் அன்றாட வேலையை எப்படி லேசாக்குகின்றன என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் பேசி அனுப்ப வேண்டுமாம். நெம்புகோல், கப்பி, ஆப்பு. நிலாவுக்கு வந்தும் ஆறாம் வகுப்பு என்னை விடவில்லை. இங்கே எல்லாவற்றுக்கும் மோட்டார் இருக்கிறது. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்.

10:42

நிலா குலுங்கியது. தூணை இறக்கிக்கொண்டிருந்த மோட்டார் எரிந்து, கயிறு அறுந்து, தூண் இப்போது என் இடது காலின் மேல் கிடக்கிறது. ஏணியும் பெயர்ந்து விழுந்து உடைந்துவிட்டது. உடை இன்னும் கிழியவில்லை. தூண் கொஞ்சம் உருண்டாலும் கிழியும். கிழிந்தால் காற்று போய்விடும், நானும் போய்விடுவேன்.

உடைந்த ஏணியின் நீளக் கம்பி ஒன்றைத் தூணுக்கு அடியில் செருகி நெம்பிப் பார்த்தேன். தரை மாவு மாதிரித் தூசி. முட்டுக் கொடுக்க ஒன்றும் இல்லை, கம்பி புதைந்துகொண்டே போகிறது. தலைக்கு மேல் சுவரில் கொக்கி இருக்கிறது. அறுந்த கயிறு கையில் இருக்கிறது. கப்பி இருந்தால் கோத்து இழுத்துவிடுவேன். பயமாக இருக்கிறது. அதையும் பதிந்துவிடுகிறேன்.

10:55 – தொடர்பில் இரைச்சல்

“அண்ணே, காலு மாட்டிக்கிட்டு. கப்பி வேணும், சீக்கிரம்!”

“கப்பிங்களா? எத்தன வேணுமுங்க அம்மணி?”

“உள்ளதெல்லாம் அனுப்புங்க!”

“செரிங்க. தொட்டியில எறக்குனா நேரமாகு… அப்படியே …ரட்டுங்களா?”

“சரி, சரி!”

கேட்காத வார்த்தைக்குச் சரி என்று சொன்னேன். கப்பி அதிகமானால் பளு குறையும் என்பது மட்டும்தான் அப்போது மண்டையில் இருந்தது.

11:03

விளிம்பில் நட்சத்திரங்கள் மறைந்தன. இங்கே எல்லாம் மெதுவாக விழும், சத்தமே இருக்காது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கல். ஒரு வண்டிக் கல். மூன்று ஆள் தூரத்தில் கொட்டியது. சில்லுகள் தெறித்துத் தலைக்கவசத்தில் கீறல்.

“கப்பி வந்துதுங்களா அம்மணி? முட்டுக் குடுக்கத்தான கேட்டீங்க, மேல படாம ஓரமாத்தான் கொட்டுனனுங்க. மிச்ச வண்டியெல்லாம் தானா வரச் சொல்லிப் போட்டனுங்க. நூலேணி எடுத்தாரக் கொட்டகைக்கு ஓடறேன், பயப்படாதீங்க.”

கத்தினேன். “கல்லு வேண்டாம்ணே! நிறுத்துங்க!” பதில் இல்லை. மேட்டைத் தாண்டிவிட்டார். அங்கே தொடர்பு கிடையாது.

எங்கள் ஊரில் கிணற்று உருளைக்குப் பெயர் கப்பி. அவர் ஊரில் ரோட்டு ஜல்லிக்குப் பெயர் கப்பி. நான் ஏன் உருளை என்று சொல்லவில்லை? ஏன், ஏன்?

அடுத்த வண்டி இதற்கு அடுத்துக் கொட்டும். அதற்கு அடுத்தது இன்னும் இந்தப் பக்கம்.

11:16

இரண்டாவது லோடு. ஒரு ஆள் தூரம். தோளில் ஒரு கல் அடித்தது. உடை தாங்கியது. என்னால் அழாமல் இருக்க முடியவில்லை. கவசத்துக்குள் கண்ணைத் துடைக்கவும் முடியாது.

ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் இப்போது கல் இருக்கிறது. பெரியதாக ஒன்றை இழுத்துக் கம்பிக்கு அடியில் முட்டுக் கொடுத்தேன். புதையவில்லை. நெம்பினேன். தூண் ஒரு விரல் எழும்பியது! சந்தில் சின்னக் கல்லை ஆப்பாகச் செருகினேன். மறுபடி நெம்பு, மறுபடி செருகு. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். அம்மிக்கு அவசரம் இல்லை, எனக்கு இருக்கிறது.

பிள்ளைகளே, பாடம் இதுதான். நீளமான கம்பி இருந்தால் கொஞ்ச பலம் போதும். ஆனால் கை ஒரு முழம் இறங்கினால் தூண் ஒரு விரல்தான் ஏறும். பலத்தை மிச்சம் பிடிக்கலாம், நேரத்தைப் பிடிக்க முடியாது.

11:27

மேலே மூன்றாவது வண்டியின் விளக்கு. நேராக என் தலைக்கு மேல்.

இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும், நாச்சிமுத்து அண்ணனிடம் சொல்லுங்கள், அவர் மேல் தப்பு இல்லை. நான் கேட்டதைத்தான் கொடுத்தார். உள்ளதெல்லாம் கொடுத்தார்.

முழங்கால் வந்துவிட்டது. குதிகால் மட்டும். நெம்பு. செருகு. நெம்பு.

வண்டி நின்றுவிட்டது. தொட்டி சாய்கிறது.

குதிகால் அசைகிறது, அசைகிறது, இன்னும் ஒரே ஒரு விரல், ஒரு வி