கடுங்காப்பியும் ஒரு சொட்டு ரத்தமும்

லாத்தா,

நேற்று மருந்துக்கடையில் எனக்கு முன்னால் நின்ற பெண் கைப்பையிலிருந்து இனிப்பு மாத்திரை டப்பா ஒன்றை எடுத்து, அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். டிக் என்று சத்தம். உள்ளங்கையில் மிளகைவிடச் சிறிய வெள்ளை மாத்திரை விழுந்தது. “அண்ணாச்சி, இதப் போட்டு காப்பி குடிச்சா சுகர் ஏறுமா?” என்று கேட்டாள். அவரும் யோசிக்காமல் “ஏறாதும்மா” என்றார். என் வாய் சும்மா இருக்குமா? “யாரு உடம்புலன்னு மொதல்ல கேளுங்க” என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

அது உங்கள் கேள்விதானே. நான் எதையாவது அடித்துப் பேசினால், “யாரு உடம்புலட்டி?” என்று கேட்டு வாயை அடைத்துவிடுவீர்கள். டவுணில் ரத வீதியை ஒட்டிய சந்தில் உங்கள் நைட்டிக் கடையும் என் வளையல் கடையும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு இருந்த வருஷங்களில் அந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்! இப்போது உங்கள் கடையில் செல்போன் உறை விற்கிறார்கள். பாட்டை அலற விடுகிறார்கள். நான் ஏசினால் கொஞ்சம் குறைக்கிறார்கள்.

நமக்கு இரண்டு பேருக்கும் சுகர் என்று ஆனபிறகு, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சேர்ந்தேதான் பேலியோ உணவுமுறையில் இறங்கினோம். சோறு இல்லை, இட்லி தோசை இல்லை. உங்களுக்காவது ஆட்டுக்கறியும் முட்டையும் இருந்தன. சைவக்காரி நான் பனீரையும் தேங்காயையும் கீரையையும் மென்று மென்று ஆட்டின் முகச்சாயலுக்கே வந்துவிட்டதாக நீங்கள்தான் கேலி செய்தீர்கள். பாலையும் விட்டாயிற்று. நமக்கென்று மிஞ்சியது கடுங்காப்பி ஒன்றுதான். அதிலும் சீனிக்குப் பதில் அந்த டிக் மாத்திரை.

எனக்குச் சுகர் ஒழுங்காக இறங்கியது. உங்களுக்கு இறங்கவில்லை. விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டுச் சுகர் மெஷினில் பார்த்தால் சுமாராக இருக்கும். மகள் போட்டுத் தந்த காப்பியைக் குடித்துவிட்டுக் கடைக்குக் கிளம்பும்போது பார்த்தால் எகிறிப்போய் நிற்கும். மூன்று மாதச் சராசரியும் அப்படித்தான் வந்தது. உங்கள் மகள் நசீமா அதைப் பார்த்துவிட்டு நேரே நம் சந்துக்கு வந்து, எதிரே இருந்த அல்வாக் கடையைக் கையை நீட்டிக் காட்டினாளே, ஞாபகம் இருக்கிறதா? “சாச்சி, நீங்க பக்கத்துலதான இருக்கிய? உம்மா நைசா அங்கன போயி வாங்கித் திங்குதா. நெய்யி மணத்துக்கு நடுவுல உக்காந்துருந்தா யாருதான் சும்மா இருப்பா?” என்றாள்.

நீங்கள் அல்வாப் பிரியைதான். நிக்காஹ் வீட்டில் அடுத்தவர் இலை அல்வாவையும் இழுத்துவைத்துத் தின்றவர்தான். அதனால் உங்களை நம்புவதற்கு ஒரு ஆளும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மகள் உங்கள் விரலை மோந்து பார்க்கிறாள் என்று என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. உங்கள் கண் கலங்கியதைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். “சுகரு ஏறுனா ஏறிட்டுப் போவுது. அஞ்சு வேள தொழுவுத வாயி பொய் சொல்லுதுங்கா. பெத்த புள்ள நம்பலையேட்டி. நான் வாயில வைக்கவே இல்ல” என்றீர்கள். எனக்கு வந்த கோபத்தில், “அப்படின்னா என்னதான் ஏத்துதுன்னு பாத்துருவோம் லாத்தா” என்று மெஷினை எடுத்து மேசைமேல் வைத்தேன். அன்றைக்குத் தொடங்கியது நம் ஆராய்ச்சி.

முதலில் சந்தேகம் மாத்திரைமேல். என் கடைக் கெட்டிலில் வெந்நீர் போட்டு, அதில் மாத்திரையை மட்டும் கரைத்துக் குடித்தீர்கள். குடிக்கும் முன் விரலில் ஒரு குத்து, ஒரு மணி நேரம் கழித்து ஒரு குத்து. அசையவில்லை. அடுத்து, பொட்டலத்தில் வருகிற இனிப்புத் தூள். அதில் கொஞ்சம் ஏறியது. லேபிளைப் படிக்க வளையல் மாடலைப் பார்க்கும் பூதக்கண்ணாடி உதவியது. இனிப்புச் சரக்கு ஒரு நுள்ளுதான், மீதியெல்லாம் மால்டோடெக்ஸ்டிரின். அது மாவிலிருந்து எடுப்பது, உடம்புக்குள் போனால் சர்க்கரைதான் என்று மருந்துக்கடையில் சொன்னார்கள். “சீனி இல்லேன்னு பெருசா அச்சடிச்சிட்டு உள்ள மாவ வச்சிருக்கான் பாரு” என்று பொட்டலத்தைக் குப்பையில் எறிந்தீர்கள்.

பிறகு வெறும் காப்பி. உங்கள் வீட்டுத் தூளையே சின்ன டப்பாவில் கொண்டுவந்து, இனிப்பு எதுவும் போடாமல் ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தோம். எனக்கு ஒன்றும் இல்லை. உங்களுக்கு மட்டும் கொஞ்சம் ஏறியது! மறுநாளும் அப்படியே. ஒரே தூள், ஒரே தண்ணீர், ஒரே கெட்டில். என்னடா இது என்று டாக்டரிடம் போய் நின்றோம். அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். சாப்பிடாவிட்டாலும் ஈரல் தன்னிடம் சேர்த்துவைத்ததிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் விடுமாம். விடிகாலையில் அது இயல்பாகவே நடக்குமாம். காப்பி சில பேருக்கு அதைத் தூண்டிவிடுமாம், சில பேருக்கு ஒன்றும் செய்யாதாம். ஆளுக்கு ஆள் மாறும் என்றார். படி இறங்கும்போது, “அப்பம் என் ஈரலுக்குள்ளயே ஒரு அல்வாக் கடை ஓடுதுட்டி” என்றீர்கள். அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பில் ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி என்னவென்று கேட்டார்.

ஆனாலும் கணக்கு உதைத்தது. கடையில் குடித்தால் கொஞ்சம்தான் ஏறுகிறது. வீட்டில் குடித்தால் தாவுகிறது. “வீட்டுல மாத்திரையோட கசப்பே தெரியல. நசீமா கைப்பக்குவம் அப்படி” என்று நீங்கள் பெருமையாகச் சொன்னபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. கடைசியில் ஒருநாள், வீட்டுக் காப்பி மேல் ஆசையாக இருக்கிறது என்று மகளிடம் சொல்லி பிளாஸ்க்கில் வாங்கி வந்தீர்கள். இரண்டு டம்ளரில் ஊற்றினேன். நீங்கள் வழக்கம்போல உங்களதில் டிக் என்று தட்டினீர்கள். எனக்கு மாத்திரை வேண்டாம் என்று அப்படியே ஒரு மடக்குக் குடித்தேன்.

இனித்தது.

கருப்பட்டி. பால்குடி மறந்த நாளிலிருந்து கருப்பட்டிக் காப்பி குடித்து வளர்ந்த நாக்கு இது, ஏமாற்ற முடியாது. நீங்கள் எப்போதும் உங்கள் கையாலேயே மாத்திரையைப் போட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பீர்கள். மாத்திரை இல்லாமல் அந்தக் காப்பியை ஒருநாளும் குடித்ததில்லை. டம்ளரை உங்களிடம் நீட்டினேன். நீங்களும் ஒரு மடக்குக் குடித்தீர்கள். ஒரு மணி நேரம் கழித்து மெஷின் காட்டிய எண்ணைக்கூட நீங்கள் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன்.

எனக்கு ரத்தம் கொதித்தது. சீனி வேறு, கருப்பட்டி வேறு என்று நம் பக்கத்தில் யாருக்குத்தான் நினைப்பு இல்லை? ‘சீனி போடாத காப்பி’ என்று கேட்டால் கருப்பட்டியைப் போட்டுத் தருகிற ஊர்தானே இது. அது மருந்து, உடம்புக்குக் குளிர்ச்சி, சுகருக்கு ஒன்றும் செய்யாது என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்வார்கள். அதெல்லாம் சரி. ஆனால் தானே ஏற்றிவிட்டுத் தாயின் விரலை மோந்து பார்ப்பதா? “இன்னைக்கே போயி அவகிட்ட கேளுங்க” என்று குதித்தேன்.

நீங்கள் கேட்கவில்லை. மறுநாள் விடிய அடுப்படி வாசலில் சத்தமில்லாமல் நின்று பார்த்திருக்கிறீர்கள். அதை என்னிடம் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. “காப்பித்தண்ணி கொதிக்கையில ஒரு துண்டு தட்டிப் போட்டாட்டி. பிஸ்மின்னு அல்லா பேரச் சொல்லிப் போட்டா. மாத்திரை கெமிக்கலு, உம்மா கிட்னி போயிரும்னு பயந்துக்கிட்டு, கருப்பட்டி அதை முறிச்சிரும்னு போடுதா. பக்கத்து வீட்டுக்காரிகிட்ட அவ பேசுனத நேத்துத்தான் கேட்டேன்.”

“அப்பம் சொல்ல வேண்டியதான?”

“அவ வாப்பா சுகருலதான மவுத்தானாவ. காலு எடுத்து, அதுக்கப்புறம் கிட்னி போயி. அவியளுக்கும் நசீமாதான் இப்படியே காப்பி போட்டா. கடைசி வரைக்கும். நான் இதச் சொன்னா அவ வாப்பா மவுத்துலல்லா போயி நிப்பா?”

அதன்பிறகு, முழங்காலுக்கு நடமாட்டம் வேண்டும் என்று சாக்குச் சொல்லி உங்கள் காப்பியை நீங்களே போட்டுக்கொள்ளத் தொடங்கினீர்கள். அதிலும் பாதி நாள் காப்பியை விட்டுவிட்டுச் சீரகத் தண்ணீர். அடுத்த சோதனையில் சராசரி நன்றாக இறங்கியது. நசீமா ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு சந்துக்கே வந்து, “பாத்தியளா சாச்சி? அல்வாவ விட்டதும் எறங்கிட்டு. நான் சொன்னேம்லா?” என்றாள். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் நைட்டியை மடித்துக்கொண்டே, “ஆமாம்மா, விட்டுட்டேன்” என்றீர்கள்.

நம்பவில்லையே என்று என் கடையில் உட்கார்ந்து கண் கலங்கியவர் நீங்கள். அந்த வாயாலேயே, செய்யாத திருட்டை ஒப்புக்கொண்டீர்கள். அதோடு போயிற்றா? குடும்பத்தில் எந்த விசேஷம் வந்தாலும் உங்கள் பக்கம் வரும் தட்டை யாராவது பாதியிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். “இவியள நம்பப்படாது” என்று பிள்ளைகள்கூடக் கேலி செய்யும். நீங்களும் கூடச் சேர்ந்து சிரிப்பீர்கள். எனக்குத்தான் வயிறு எரியும். மழைக்காலத்தில் நெஞ்சுச்சளிக் காய்ச்சல் வந்து நீங்கள் போனபோதும், வந்திருந்த பெண்கள் அந்த அல்வாக் கதையைத்தான் சொல்லி அழுதார்கள்.

போன வாரம் நசீமா புது மெஷினோடு கடைக்கு வந்தாள். அவளுக்கும் சுகர் எல்லைக் கோட்டில் நிற்கிறதாம். எப்படிக் குத்துவது என்று கேட்டாள், காட்டிக்கொடுத்தேன். எதையும் குடிக்கும் முன் ஒன்று, ஒரு மணி நேரம் கழித்து ஒன்று என்று நம் முறையையே சொல்லிக்கொடுத்தேன். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்தப் பிள்ளை உடம்பும் பிழைக்க வேண்டுமே லாத்தா.

இன்று காலை கடை திறக்கும் முன்பே வந்து நின்றாள். முகம் செத்துப்போயிருந்தது. நாலு நாளாகப் பார்த்தாளாம். வேறு எதுவும் சாப்பிடவில்லையாம், கருப்பட்டிக் காப்பி மட்டும்தான். நாலு நாளும் ஏறியிருக்கிறது.

“சாச்சி, உம்மா காப்பியில நான் கருப்பட்டி தட்டிப் போடுவேன். அவியளுக்குத் தெரியாது. அதனாலதான் ஏறிச்சா? உம்மா அல்வா திங்கவே இல்லியா?”

மெஷினை என் மேசைமேல் வைத்துவிட்டு, “வாப்பாவுக்கும் நாந்தான போட்டேன்” என்றாள்.

இத்தனை வருஷமாக நான் ஊரைக் கூட்டிச் சொல்லத் துடித்த உண்மையை அவளே வந்து கையில் கொடுத்துக் கேட்கிறாள். ஆமாம் என்று ஒரு சொல் போதும், உங்கள் பேரில் ஒட்டிய பொய் உதிர்ந்துவிடும். நாக்கு நுனிவரை வந்தது. சத்தியமாக வந்தது.

“உனக்கு ஏறும்னா அவுகளுக்கும் ஏறணுமா? யாரு உடம்புலன்னு பாக்கணும்லா. இனிமே நீ கருப்பட்டியத் தொடாத, அவ்வளவுதான்” என்றேன்.

“அப்பம் உம்மா?”

“உங்க உம்மா அல்வா தின்னாவ. எங் கண்ணால பாத்தேன். ரெண்டு நாளைக்கு ஒருக்க, வாழையிலையில வச்சு, அந்தக் கதவுக்குப் பின்னால நின்னு திம்பாவ. எனக்கும் தருவாவ.”

நசீமா என் தோளில் சாய்ந்து அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். “நான் அப்பமே சொன்னேம்லா சாச்சி” என்றாள்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். நீங்கள் வாயிலேயே வைக்காத அல்வாவுக்கு இனிமேல் நான்தான் சாட்சி, லாத்தா.